கதவுப் பக்கத்துத் தோள்

அத்தியாயம் 7

"உங்க கட்சிக்காரங்க பொய் சொல்றாங்கன்னு உங்களுக்கு எப்பலேருந்து தோணுது?" என்று கேட்டார் மேடம்.

வக்கீல் தன் டையைச் சரிசெய்துகொண்டார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"இன்னிக்கிக் காலையிலேருந்து. எதிர்த்தரப்பு பதில் வந்ததுலேருந்து."

"அதுக்கு முன்னாடி?"

"முழுசா நம்பினேன்."

"அங்கதான் தப்பு பண்ணிட்டீங்க" என்றார் மேடம், ஏதோ டாக்டர் மருந்து சீட்டு எழுதுகிற தோரணையில்.

மேடம் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, மீதி ஆயுளுக்குச் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். வக்கீல்கள் அவரை முதுகுக்குப் பின்னால் 'சந்தேகம்' என்று அழைப்பார்கள். முகத்துக்கு நேரே அழைத்தாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், பெருமைப்படுவார். பக்கத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தவன் அவருடைய உதவியாளன். பார்சல் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்த காலத்திலிருந்து அவனுக்குக் கூரியர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. எந்த வீட்டுக் கதவையும் திறக்க வைக்கத் தெரிந்தவன், தன் வாயை மட்டும் மூடத் தெரியாதவன்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க சார். நான் படிச்சதெல்லாம் அட்ரஸ் மட்டும்தான்" என்றான் கூரியர்.

வக்கீல் பெருமூச்சு விட்டார். "தடுப்பூசியால பாதிக்கப்பட்டவங்களுக்குன்னே அரசாங்கத்துல ஒரு நிதி இருக்கு. யார் மேலயும் குத்தம் சொல்ல வேண்டாம். ஊசி போட்ட தோள்லயே, ரெண்டு நாளைக்குள்ள வலி ஆரம்பிச்சுதுன்னு காட்டினா போதும், நஷ்ட ஈடு உண்டு. என் கட்சிக்காரங்க வயசானவங்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக் குடுக்கறவங்க. லேடிதான், ஆனா எல்லாரும் மாஸ்டர்னுதான் கூப்பிடுவாங்க. நாலு மாசம் முன்னாடி அவங்க ஹால்லயே காய்ச்சல் தடுப்பூசி முகாம் நடந்தது. அதுலேருந்து வலது தோள் அசையவே மாட்டேங்குது. ஆபரேஷன் பண்ணியாகணும். இந்தப் பணம் வரலன்னா ஆபரேஷனும் இல்ல, ஹாலும் இல்ல."

"சரி, அப்புறம் என்ன சிக்கல்?"

"ஊசி போட்டது இடது கையில."

கூரியர் தன் இரண்டு தோள்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டான். "ஊசி வழி தெரியாம அந்தப் பக்கம் போயிடுச்சோ என்னவோ. நான் கூட ஆரம்பத்துல எதிர் வீட்டுல பார்சல் குடுத்திருக்கேன்."

வக்கீல் சிரிக்கவில்லை. "நர்ஸ் இடதுன்னு பதிஞ்சிருக்காங்க. கேட்டா, 'அவங்க வாயாலயே இடது கைன்னு சொன்னாங்க, அதத்தான் போட்டேன்'ங்கறாங்க. மாஸ்டர் என்னடான்னா, 'நான் நர்ஸ்கிட்ட ஒரு வார்த்தை கூடப் பேசல'ன்னு சத்தியம் பண்றாங்க. அது போதாதுன்னு எதிர்த்தரப்பு ஆள், அதான் அந்த நிதியோட ஆள், அந்த வகுப்புல போய் விசாரிச்சிருக்கான். மாஸ்டர் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்கன்னு அத்தன பேரும் ஒரே குரல்ல சொல்லியிருக்காங்க."

"அத்தன பேருமா?" மேடத்தின் புருவம் ஏறியது. "ஒரே குரல்லயா?"

"ஒருத்தர் பாக்கியில்லாம."

"எல்லாரும் ஒண்ணு போலச் சொன்னா எனக்கு மூக்கு அரிக்கும்" என்றார் மேடம்.

"இன்னொண்ணும் இருக்கு. வகுப்புக்காரங்க யாரையும் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாதுன்னு மாஸ்டர் ஆரம்பத்துலேருந்து கெஞ்சறாங்க. காரணம் கேட்டா வாயத் தொறக்கறதில்ல. நாளைக்கிக் காலையில விசாரணை. பொய்க் கேஸுன்னா நான் இன்னிக்கே விலகிக்கறேன். சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும்."

படியிறங்கும்போது கூரியர் சொன்னான்: "மேடம், இதுல துப்பறிய என்ன இருக்கு? விழுந்த அடிய ஊசி மேல போடறாங்க."

"அப்படித்தான் இருக்கும்னு எனக்கும் தோணுது. அதனாலதான் போய்ப் பாக்கணும்."

*

மாஸ்டரின் வீடு ஒரு கட்டடத்தின் முதல் மாடியில், முன்னறையும் சமையலறையுமாகச் சிக்கனமாக இருந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும். முதுகு வளையாத உடம்பு. வலது கையை மட்டும் வயிற்றோடு ஒட்டவைத்துக்கொண்டு, இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டார். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். வெட்டியவர் ஏதோ அவசரத்தில் இருந்திருக்க வேண்டும்.

கூரியருக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வந்தால் அவனுக்கு அடக்கத் தெரியாது. "மேடம், உங்க பேனா" என்று சொல்லிக்கொண்டே, கைதவறியது போல அதை மாஸ்டரின் வலது பக்கமாகத் தூக்கிப் போட்டான். மாஸ்டரின் இடது கை உடம்பைக் குறுக்காகத் தாண்டி வந்து அதைப் பிடித்தது. வலது கை இருந்த இடத்திலேயே இருந்தது.

"என்னைச் சோதிக்கறீங்களா?" என்றார் மாஸ்டர்.

"சேச்சே. பழக்கதோஷம். பார்சல்லாம் இப்படித்தான் தூக்கிப் போடுவேன்."

"நாலு மாசமா இந்தக் கையால தலை வாரிக்கல. முடியையும் வெட்டியாச்சு. அது போதாதுன்னு நீங்க பேனா போட்டு வேற பாக்கணுமா?"

கூரியருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மேடம் அதைக் கண்டுகொள்ளாமல் தண்ணீர் குடிக்கும் சாக்கில் சமையலறைக்குள் போனார். அவர் கைகாட்டியதைப் பார்த்து இவனும் பின்னாலேயே போனான்.

"அந்த மேல் தட்டப் பாரு" என்றார் மேடம், குரலைத் தணித்து.

பார்த்தான். டம்ளர்கள், டப்பாக்கள், சின்னச் சின்னக் கிண்ணங்கள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. ஓரத்தில் இரண்டு காதுகள் வைத்த பெரிய பாத்திரங்கள் மூன்று. அவற்றின் மேல் தூசி கனமாகப் படிந்திருந்தது.

"ஒரு கையால எடுக்கக்கூடியதெல்லாம் பொழக்கத்துல இருக்கு. ரெண்டு கையும் தூக்கித்தான் ஆகணும்ங்கற பாத்திரத்துல மட்டும் தூசி. பேனா பிடிக்கறதப் பழகிக்கலாம். தூசிய நடிக்க வெக்க முடியாது. வலி நெசம்."

"அப்ப கேஸும் நெசம்."

"வலிதான் நெசம்னு சொன்னேன். எதனால வந்துதுன்னு எப்ப சொன்னேன்? போய்க் குளியலறையப் பாத்துட்டு வா."

கூரியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறை எங்கே என்று கேட்டுப் போனான். உள்ளே நுழைந்தவன் ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டான். வீடு முழுக்கப் பழைய தரை. இங்கே மட்டும் புத்தம்புதிதாகச் சொரசொரப்பான டைல்ஸ் போட்டிருந்தது. சுவரெல்லாம் பிடித்துக்கொள்ளக் கம்பிகள். குழாய்க்குப் பக்கத்தில் ஒன்று, கதவுக்குப் பக்கத்தில் ஒன்று, மூலையில் ஒன்று. சர்க்கஸ்காரர்கள் குடியிருக்கும் வீடு போல இருந்தது. அவனுக்கு மாஸ்டர் மேல் பிறந்திருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அந்த இடத்தில் கழன்று விழுந்தது.

திரும்பி வந்து மேடத்தின் காதில் ஓதினான். மேடம் நேராக மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார்.

"எப்ப விழுந்தீங்க?"

"நான் விழல."

"விழாதவங்க எதுக்குப் பாத்ரூம் முழுக்கக் கம்பி போட்டிருக்கீங்க?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். "அது நான் போடல."

"பின்ன யாரு?"

மாஸ்டர் பேனாவை மேடத்திடம் திருப்பிக் கொடுத்தார்.

"நர்ஸ்கிட்ட இடது கைன்னு சொன்னீங்களா?"

"நர்ஸ்கிட்ட நான் பேசவே இல்ல மேடம். கைய நீட்டினேன், போட்டாங்க. இந்தக் கைதான். அன்னிக்கி ராத்திரியே வலி ஆரம்பிச்சுடுச்சு. எங்க வேணா சத்தியம் பண்றேன்."

"உங்க வகுப்புல கேட்டா சொல்லுவாங்கல்ல?"

"அவங்கள விட்டுருங்க." முதல் தடவையாக அவர் குரல் உடைந்தது. "எனக்கு ஆபரேஷனே இல்லாமப் போனாலும் சரி. அவங்கள இதுல இழுக்காதீங்க."

தெருவுக்கு வந்ததும் கூரியர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான். "நர்ஸ், இவங்க சொன்னாங்கன்னு சொல்றாங்க. இவங்க, பேசவே இல்லைங்கறாங்க. விழலைங்கறாங்க, கம்பி போட்டிருக்கு. கம்பி நான் போடலைங்கறாங்க. ராத்திரி குட்டிச்சாத்தான் வந்து வெல்டிங் வெச்சிட்டுப் போச்சா?"

"ரெண்டு பேர் ஒண்ணுக்கொண்ணு முரணாப் பேசினா ஒருத்தர் பொய்யின்னுதான் எல்லாரும் நெனப்பாங்க" என்றார் மேடம். "ரெண்டு பேரும் உண்மை பேசினா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாத்தியா?"

"தலை சுத்தும்."

"சுத்தட்டும். ஹாலுக்குப் போலாம்." சொல்லிவிட்டு மேடம் நாலடி தள்ளிப்போய், முதுகைக் காட்டிக்கொண்டு யாருக்கோ போன் செய்தார்.

*

ஹால் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. மாடிப்படி முழுக்க ரப்பர் வாசனை. உள்ளே நீளமான அறை. ஒரு பக்கச் சுவரில் கதவு, எதிர்ச் சுவரில் வரிசையாக ஜன்னல்கள். முன்னால் மாஸ்டர் நின்று சொல்லிக்கொடுக்க ஒரு மேடை. அதன் விளிம்பில், ஏறி இறங்கிப் பழகுவதற்கான தாழ்வான பலகை ஒன்று கிடந்தது. மாஸ்டர் இல்லாமலேயே பத்துப் பதினைந்து பேர் மேடையைப் பார்த்து நின்று, ஒரு போனில் ஒலித்த மாஸ்டரின் பழைய பதிவுக்கு ஏற்ப மெதுவாகக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள்.

போனை நிறுத்திவிட்டு வந்தவர் வெள்ளை மீசை வைத்த கட்டையான மனிதர். பிளம்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கேயும் எல்லாருக்கும் அவர் பிளம்பர்தான். அவருக்குப் பின்னால், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்த ஓர் அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். ஒரு பெரிய பள்ளிக்கூடத்தையே கட்டி ஆண்ட ஹெட்மிஸ்ட்ரஸ். அவர் பார்த்த பார்வையில் கூரியர் தன்னையறியாமல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

"மாஸ்டரோட வக்கீல் அனுப்பிச்சு வந்திருக்கோம்" என்றார் மேடம். "ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கி முகாம்ல மாஸ்டருக்கு எந்தக் கையில ஊசி போட்டாங்க?"

அத்தனை பேரும் இடது கையைத் தூக்கினார்கள். ஒருத்தரும் யோசிக்கவில்லை.

"இப்படிக் கைதூக்கற வகுப்ப எங்க வாத்தியார் பாத்திருந்தா ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார்" என்று முணுமுணுத்தான் கூரியர். முடிந்தது கதை, வக்கீலுக்குப் போன் போட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு மேடத்தைப் பார்த்தான்.

மேடம் தூக்கிய கைகளைப் பார்க்கவில்லை. மூடியிருந்த வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வாயால பதில் கேட்டேன். எல்லாரும் கையால சொல்றீங்க" என்றார். "பரவால்ல, எறக்கிக்கங்க. இப்ப கண்ண மூடிக்கிட்டு யோசிச்சுச் சொல்லுங்க. மாஸ்டர் அப்ப எங்க உக்காந்திருந்தாங்க?"

"அந்தப் பலகையில" என்றார் பிளம்பர். "எங்களப் பாத்தாப்ல. முகாமுக்குன்னு வந்த ஒரே நாற்காலில ஐஸ் பெட்டிய வெச்சிருந்தாங்க."

"ஊசி போட்ட கை கதவுப் பக்கம் இருந்துதா, ஜன்னல் பக்கம் இருந்துதா?"

"கதவுப் பக்கம்" என்றார் பிளம்பர்.

"கதவுப் பக்கம்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். பின்வரிசையிலிருந்தும் அதே பதில் வந்தது.

"கூரியர், நீ போய் மாஸ்டராப் பலகையில உக்காரு."

"எனக்கு உடற்பயிற்சின்னா அலர்ஜி மேடம்."

"உக்காரத்தான் சொன்னேன்."

அவன் போய் வகுப்பைப் பார்த்து உட்கார்ந்தான். பலகை அவ்வளவு தாழ்வு. முழங்கால் நெஞ்சுக்கு வந்தது.

"இடது கையக் காட்டு."

காட்டினான். உடனே வகுப்பே சலசலத்தது. "அது இல்ல, அந்தக் கை" என்றார் பிளம்பர். "தப்பாக் காட்டறீங்க தம்பி, கதவுப் பக்கத்துக் கை" என்றார் இன்னொருவர்.

"ஐயா, கதவுப் பக்கம் இருக்கறது என்னோட வலது கை. சாப்பிடற கை எதுன்னு எனக்குத் தெரியாதா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. வகுப்பு முழுக்கத் தங்கள் இடது கையையும் அவன் வலது கையையும் மாறி மாறிப் பார்த்தது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் கதவுப் பக்கத்துக் கை எது, தங்கள் கதவுப் பக்கத்துக் கை எது என்று இத்தனை வருஷத்தில் அவர்கள் யோசித்ததே இல்லை. யோசிக்க வேண்டிய தேவையும் வந்ததில்லை.

"மாஸ்டர் தினமும் இங்க நின்னு 'இடது கை மேல'ன்னு சொல்றப்ப எந்தக் கையத் தூக்குவாங்க?" மேடம் ஹெட்மிஸ்ட்ரஸைக் கேட்டார்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நாங்க எந்தக் கையத் தூக்கணுமோ அதுக்கு நேர் எதிர்ல இருக்கற கைய. பாத்துச் செய்யறவங்களுக்குக் குழப்பம் வரக்கூடாதில்ல. அவங்க வலதத் தூக்கிட்டு இடதுன்னு சொல்லுவாங்க. எதிர்ல நின்னு சொல்லிக் குடுக்கறவங்க எல்லாரும் அப்படித்தான்."

"ஊசி போட்டப்ப என்ன சொன்னாங்க?"

"'எல்லாரும் பாத்துக்கங்க, இடது கைய இப்படித் தளர்த்தி வெச்சிக்கணும், பயமே வேண்டாம்'னாங்க."

"யார்கிட்ட சொன்னாங்க?"

"எங்ககிட்டதான். நர்ஸம்மா குனிஞ்சு கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டிட்டிருந்தாங்க." ஹெட்மிஸ்ட்ரஸ் பாதியில் நிறுத்தினார். அடுத்த வாக்கியம் அவருக்கே புரிந்துவிட்டது.

"வகுப்புக்குச் சொன்னத நர்ஸ் காதுல வாங்கி இடதுன்னு பதிஞ்சுட்டாங்க. மாஸ்டர் நர்ஸ்கிட்ட பேசவே இல்ல. ரெண்டு பேரும் உண்மைதான் சொல்றாங்க" என்றார் மேடம். "உங்களுக்கு இவ்வளவு துல்லியமா எப்படி ஞாபகம்?"

"நான் அன்னிக்கிப் போட்டுக்கல. எனக்கு ஊசின்னா ஆகாது. பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தேன்."

"அப்ப நீங்கதான் நர்ஸ். எப்படிப் போட்டாங்கன்னு இவன் மேல காட்டுங்க."

ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து கூரியருக்கு எதிரே நின்றார். "மாஸ்டரோட டி-ஷர்ட் கை ரொம்ப இறுக்கம், மேல சுருட்ட வரல. கழுத்துப் பக்கமா இழுத்து எறக்கினாங்க" என்று சொல்லி அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். தோளின் உச்சி மட்டும்தான் வெளியே தெரிந்தது. நின்றபடியே விரலால் மேலிருந்து குத்தினார்.

"அம்மா, அங்க சதையே இல்ல, எலும்பு" என்றான் கூரியர் நெளிந்துகொண்டு.

"அதேதான்" என்றார் மேடம். "போட வேண்டிய எடம் இதுக்கும் கீழ, சதையில. உக்காந்தவங்க தாழ, போட்டவங்க ஒசர, துணி கழுத்து வழியா எறங்கினது. ஊசி மூட்டுக்குள்ள போயிடுச்சு. வக்கீல் ஃபைல்ல டாக்டர் எழுதினதும் அதுதான். எந்தத் தோள்னு மட்டும்தான் ஒதைச்சது."

கூரியர் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்தான். ஜெயித்தாயிற்று என்று அவனுக்கு ஒரே குஷி. ஆனால் பிளம்பர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"இதெல்லாம் சரிங்கம்மா. எந்தக் கையா வேணா இருக்கட்டும். வலி ஊசியால வரல. மாஸ்டர் பாத்ரூம்ல விழுந்தாங்க. நானே போய்த் தரையெல்லாம் பேத்தெடுத்து டைல்ஸ் போட்டு, கம்பியும் அடிச்சுக் குடுத்தேன். காசு குடுத்தாங்க, நான் வாங்கல."

கம்பி போட்ட குட்டிச்சாத்தானைக் கூரியர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

"விழுந்தத நீங்க பாத்தீங்களா?" என்றார் மேடம்.

"அவங்க சொன்னாங்க."

"எப்ப?"

"முகாமுக்கு மறுநாள். கைய வயித்தோட அணைச்சுக்கிட்டு வந்தாங்க. எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. 'ஊசி போட்ட கையா மாஸ்டர் வலிக்குது?'ன்னு கேட்டேன். 'சேச்சே, அதெல்லாம் இல்ல, பாத்ரூம்ல வழுக்கிடுச்சு'ன்னாங்க."

"நீங்க கேட்ட ஒடனேயா?"

"நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள."

மேடம் ஹெட்மிஸ்ட்ரஸ் பக்கம் திரும்பினார். "நீங்க ஊசி போட்டுக்கவே இல்லையா?"

"மறு வாரம் போட்டுக்கிட்டேன். மாஸ்டர்தான் விடாம வந்து வந்து பேசினாங்க. 'எனக்கு ஒண்ணும் ஆகல பாருங்க'ன்னு..."

அவர் முகம் மெல்ல மாறுவதைக் கூரியர் பார்த்தான். நல்ல செய்தி கேட்டவரின் முகமாக அது இல்லை.

"மாஸ்டர், உள்ள வந்துடுங்க" என்றார் மேடம், திரும்பிப் பார்க்காமலேயே.

வீட்டிலிருந்து கிளம்பியதும் மேடம் போன் செய்தது யாருக்கு என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. கதவருகே மாஸ்டர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, படியேறி வந்த வியர்வை காய்ந்துபோயிருந்தது.

"அவங்கள இழுக்காதீங்கன்னு கெஞ்சினேன்" என்றார் மேடத்திடம்.

"கெஞ்சினீங்க. அதனாலதான் எனக்குச் சந்தேகம் வந்துது. திருடங்கள்லாம் என்கிட்ட இவ்வளவு பாசமாக் கெஞ்சினதில்ல."

மாஸ்டர் வகுப்பின் முன்னால் வந்து நின்றார். மேடையில் ஏறவில்லை.

"நான் விழல" என்றார். "ஊசியாலதான் வந்துது. லட்சத்துல ஒருத்தருக்கு வருமாம், எனக்கு வந்துது. உங்களுக்கெல்லாம் சதை கொறஞ்ச வயசு, நெஞ்சுச் சளி வந்தா தாங்கமாட்டீங்க. போன வருஷம் இந்த வரிசையில நின்னவர் ஒருத்தர் அப்படித்தான் போனார். உங்க ஒவ்வொருத்தரையும் ஊசிக்குச் சம்மதிக்க வெக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் கையப் பாத்துட்டு எல்லாரும் பயந்துடுவீங்கன்னு பொய் சொல்லிட்டேன். அடுத்த வாரம் நிமோனியா ஊசி வேற இருக்கு. அதான் கோர்ட்டுக்கு உங்களக் கூப்பிட மனசு வரல."

"அப்ப நான் அடிச்ச கம்பியெல்லாம்?" என்றார் பிளம்பர். அவர் குரலில் குழந்தைத்தனமாக ஒரு வருத்தம் இருந்தது.

"ஒத்தக் கையோட குளிக்கறவளுக்கு அந்தக் கம்பிதான் தொணை. பொய்க்கு அடிச்சீங்க, ஆனா தெனமும் அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கறேன்."

பிளம்பர் மீசையைத் தடவிக்கொண்டார். "மூலையில இருக்கறது கொஞ்சம் ஆடும். வந்து இறுக்கித் தரேன்" என்றார். அவ்வளவுதான் அவருடைய கோபம்.

பின்வரிசையில் யாரோ, நிமோனியா ஊசிக்குச் சரியான நாற்காலி போடச் சொல்ல வேண்டும் என்றார்கள். தொளதொள சட்டை போட்டு வர வேண்டும் என்றார் இன்னொருவர். பேச்சு அந்தப் பக்கம் நகர்ந்து, எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும் போலிருந்தது. மாஸ்டரின் முகத்தில் கூட ரத்தம் திரும்பிவிட்டது.

ஹெட்மிஸ்ட்ரஸ் மட்டும் அசையவில்லை.

"உங்க கை எப்படியாச்சுன்னு அன்னிக்கித் தெரிஞ்சிருந்தா நான் போட்டிருக்க மாட்டேன்" என்றார்.

"தெரியும். அதனாலதான் சொல்லல."

"போட்டுக்கிட்டது நல்லதாவே இருக்கலாம். அது வேற. என் ஒடம்பு விஷயத்துல முடிவெடுக்க வேண்டியவ நான். உண்மைய மறைச்சு என் முடிவ நீங்க எடுத்துட்டீங்க." குரல் உயரவில்லை. "பிள்ளைங்ககிட்ட அவங்க நன்மைக்குன்னு பொய் சொன்ன எத்தனையோ வாத்தியாருங்கள நான் வேலையை விட்டே அனுப்பியிருக்கேன் மாஸ்டர்."

கூரியருக்கு யார் பக்கம் நிற்பது என்றே தெரியவில்லை. ஒருத்தர் செய்தது தப்பு, இன்னொருத்தர் சொன்னது நியாயம், இரண்டு பேர் மேலும் அவனுக்குப் பாவமாக இருந்தது.

மேடம்தான் குறுக்கிட்டார். வேலையில் இருக்கும்போது அவருக்கு ஈவிரக்கம் பின்னால்தான் வரும். "கழுத்துப் பக்கமா துணிய எறக்கினது, நர்ஸ் குனிஞ்சு தட்டிட்டிருந்தது, மாஸ்டர் வகுப்பப் பாத்துப் பேசினது. இது மூணையும் பக்கத்துல நின்னு பாத்தவங்க நீங்க ஒருத்தர்தான். நீங்க வரலன்னா நாளைக்கி இந்தக் கேஸு நிக்காது."

"நான் ஒருத்திதான்னு தெரியும்."

ஹெட்மிஸ்ட்ரஸ் போய்த் தன் கைப்பையை எடுத்துக்கொண்டார். விரித்திருந்த பாயைச் சுருட்டினார். தண்ணீர் பாட்டிலை உள்ளே வைத்தார். எதையும் மறக்காமல் எடுத்துக்கொள்கிறவர் திரும்பி வரப்போவதில்லை என்பது பார்த்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் புரிந்தது. மாஸ்டருக்கு முன்னால் வந்ததும் நின்றார்.

"எத்தன மணிக்கு விசாரணை?"

"பத்து மணிக்கு" என்றார் மாஸ்டர். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"ஒன்பதரைக்கே வந்து உக்காந்திருப்பேன். பாத்தத அப்படியே சொல்லுவேன். அது உங்களுக்குச் சேர வேண்டிய பணம், சேரணும்." அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "இந்த வகுப்புக்கு இனிமே வரமாட்டேன். அடுத்த வாரம் ஊசிக்கும் என்ன எதிர்பாக்காதீங்க."

டயர் கடைப் படிகளில் அவர் செருப்புச் சத்தம் கீழே இறங்கிப் போனது. கேஸ் நிற்கும் என்று வக்கீலிடம் சொல்ல மேடம் போனை எடுத்தார். மாஸ்டர் அந்தப் பலகையிலேயே உட்கார்ந்து, தூக்க முடிந்த ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.